சைக்கிள் சீட்டும் மாமன் மடியும்

பல் வலி என்றால் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சொல்லலாம். முழங்கால் வலி என்றால் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். உட்காருகிற இடத்திலேயே வலி என்று வையுங்கள், யாரிடம் போய்ச் சொல்வது? அப்படியொரு வலியோடுதான் நான் என் ஒரே தங்கச்சியின் பிள்ளைக்குத் தாய்மாமனாகக் காது குத்து மணையில் போய் உட்கார்ந்தேன். எல்லாம் ஒரு சைக்கிளால் வந்த வினை. அதுவும் ஒரு அடிகூட நகராத சைக்கிள்.

நான் கொட்டகலையில் ஒரு டியூட்டரியில் கணக்குப் படிப்பிக்கிறேன். நாற்பது வயதை எட்டிய கையோடு எனக்கு ரத்தத்தில் சீனி கூடிவிட்டது. "தினமும் நடங்க, இல்லாட்டி சைக்கிள் ஓட்டுங்க" என்று டொக்டர் சொன்னார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் நடக்கப் போனால் மழை, மழை விட்டால் அட்டைக்கடி. சைக்கிள் என்றால் ஏற்றத்தில் நாம் அதைத் தள்ளவேண்டும், இறக்கத்தில் அது நம்மைத் தள்ளிவிடும்.

அந்த நேரம் பார்த்து கொழும்பில் இருந்த என் கூட்டாளி ஒருவன் கனடாவுக்குக் கிளம்பினான். கிளம்புகிறவன் சும்மா போகாமல், தன் ரேஸ் சைக்கிளையும் ஓர் இரும்பு ஸ்டாண்டையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனான். ட்ரெயினர் என்று அதற்குப் பெயர். பின்சக்கரத்தைத் தூக்கி அதில் மாட்டிவிட்டால், எவ்வளவு மிதித்தாலும் சைக்கிள் இருந்த இடத்திலேயே இருக்கும். முன் அறையில் ஜன்னலோரமாக அதை நிறுத்தி, எதிரே போனைச் சாய்த்து வைத்து, ஏதோ ஒரு வெள்ளைக்கார நாட்டு மலைப்பாதை வீடியோவைப் போட்டு மிதிக்க ஆரம்பித்தேன்.

"ஏங்க, ஜன்னலத் தொறந்தா மலை. அத விட்டுட்டு போன்ல எவனோட மலையவோ பாத்து மூச்சு வாங்குறீங்களே?" என்றாள் என் மனைவி சாந்தி. (அவளுக்கு விளையாட்டு விஞ்ஞானம் புரியாது என்று அப்போது மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். மடையன்.)

பிரச்சினை சீட்டில் ஆரம்பித்தது. ரேஸ் சைக்கிள் சீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? அகப்பைக் காம்பு மாதிரி ஒல்லியாக, கல் மாதிரி இறுக்கமாக இருக்கும். முதல் நாள் இறங்கியதும் வாத்து மாதிரி நடந்தேன். மறுநாள் நேரே ஹட்டன் பஜாருக்குப் போய், சைக்கிள் சாமான் விற்கிற கடையொன்றைத் தேடிப் பிடித்தேன்.

"சொகமான சைக்கிள் சீட் ஒண்ணு வேணுங்க."

"யாருக்குங்க?"

"எனக்குத்தான்."

"எங்க ஓட்டுறீங்க?"

"வீட்டுக்குள்ள."

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "அடியே, கொஞ்சம் வெளிய வந்து பாத்துட்டுப் போ" என்று பெண்சாதியையும் கூப்பிட்டுக் காட்டினார். கடைசியில், ஸ்பிரிங் வைத்த ஓர் அகல சீட்டைத் தூசி தட்டிக் கொடுத்தார். தோசைக்கல் அகலம் இருக்கும்.

அந்த சீட்டில் ஏறி மிதித்தால் கீச்சு கீச்சு என்று ஒரு சத்தம். கூடவே என் மூச்சு இரைப்பு. விடியற்காலை, நடுவில் மெல்லிய சுவர். நாலு நாளில் பக்கத்து வீட்டு அக்கா சாந்தியைப் பார்த்தாலே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சாந்தி அன்றைக்கே ஜன்னல் இரண்டையும் அகலத் திறந்து, "எல்லாரும் நல்லா பாத்துக்கங்க, இவரு சைக்கிள்தான் ஓட்டுறாரு" என்று லயத்து வீடுகள் அத்தனைக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டாள். ஸ்பிரிங் சீட் அத்தோடு மூலைக்குப் போனது.

வலித்தால் மெத்தை போடு. எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். பழைய செட்டி சோபாவிலிருந்து ஸ்பொஞ்சை அறுத்துப் பழைய சீட்டுக்கு மேல் கட்டினேன். வலி கூடியது. இன்னொரு ஸ்பொஞ்ச் வைத்தேன். இன்னும் கூடியது. எங்கள் ஊர் ஈரத்தில் ஒரு கைக்குட்டை காயவே நாள் கணக்காகும். வேர்வையில் ஊறிய ஸ்பொஞ்ச் எங்கே காயும்? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்த காலத்தில், மழைக்கு இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்கு ஒன்று பரணில் கிடந்தது. தண்ணீர் இறங்காத அந்தச் சீலையை வெட்டி ஸ்பொஞ்சுக்கு மேல் இழுத்துத் தைத்தேன். வெளித் தண்ணீர் உள்ளே போகவில்லை, வாஸ்தவம். என் வேர்வையும் எங்கும் போகவில்லை. இதற்குள் சீட் வேறு ஏகத்துக்கு உயர்ந்துவிட்டதால் கால் பெடலுக்குச் சரியாக எட்டாமல், ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்ந்தது. சீட்டைக் கொஞ்சம் கீழே இறக்கலாம் என்று ஒரு கணக்கு வாத்தியாருக்குத் தோன்றவே இல்லை.

இந்த லட்சணத்தில்தான் தங்கச்சியின் போன் வந்தது.

என் தங்கச்சி கோகிலாவை ஹட்டன் பஜாரில் கடை வைத்திருக்கிற குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். (அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்று இருப்பது நான் ஒருத்தன்தான்.) மச்சான் தங்கமான ஆள். மச்சானுடைய அம்மா, எங்கள் சம்பந்தியம்மா, அவரும் நல்லவர்தான், ஆனால் எதையும் மறக்கமாட்டார். கோகிலாவின் மூத்த மகள் கவிஷாவுக்கு முதல் முடி இறக்கிய அன்று ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. நான் சேற்றில் நடந்து கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பிள்ளை மொட்டைத் தலையோடு பாயாசம் குடித்துக்கொண்டிருந்தது. மாமன் மடியில் இருக்கவேண்டிய பிள்ளையைப் பெரியப்பா மடியில் வைத்துக் காரியத்தை முடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து பிள்ளை தும்மினால்கூட, "மாமன் மடி ஏறாத புள்ளைல்ல" என்பார் சம்பந்தியம்மா.

"அண்ணே, வார ஞாயித்துக்கெழம கவிஷாவுக்குக் காது குத்து" என்றாள் கோகிலா. "இந்த வாட்டியும் நீங்க மடியில வைக்கலேன்னா நான் இந்த வீட்டுல தல நிமிந்து நடக்க முடியாதுண்ணே." குரல் உடைந்துவிட்டது. என் தங்கச்சிக்காக நான் வானத்தையே வில்லாக வளைப்பேன் என்று முடிவு பண்ணினேன். அதற்கு முதல் வேலையாக, பட்டுச் சட்டைக்குள் அடங்காத வயிற்றைக் குறைக்கவேண்டும் என்றும் முடிவு பண்ணினேன். அங்கேதான் சனி பிடித்தது.

மறுநாளே வந்த பௌர்ணமிப் போயா லீவில், அந்தப் படங்கு மெத்தையில் ஏறி, இடையில் ஒரு தடவைகூட எழும்பாமல் காலையிலிருந்து பகல் சாப்பாடு வரைக்கும் மிதித்தேன். இறங்கும்போது ஏதோ சுரீர் என்றது. மறுநாள், எந்த இடத்தை வைத்து மனிதன் உட்காருகிறானோ அந்த இடத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி.

சாந்தி பார்த்துவிட்டு முதலில் "ஐயையோ" என்றாள். பிறகு தலையணையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது" என்று சத்தியம் வாங்கினேன். அந்த வாரம் முழுக்கச் சோறு தின்றது, பாடம் எடுத்தது, பேப்பர் திருத்தியது எல்லாம் நின்றபடி. "சேர் இப்ப ரொம்ப உற்சாகமா படிப்பிக்கிறாரு" என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்.

ஞாயிறு வந்தது. சீர்த்தட்டுகளோடு ஆட்டோவில் கிளம்பினோம். உட்கார முடியாது, ஆட்டோவில் நிற்கவும் முடியாது. பின்சீட்டில் முழங்கால் போட்டு, பின்பக்கம் பார்த்து, சாய்மானத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பின்கண்ணாடி வழியாக, பின்னால் வந்த பஸ் டிரைவரின் முகம் ஹட்டன் வரைக்கும் எனக்கு நேராகவே இருந்தது. ஒரு கட்டத்தில் அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

சம்பந்தி வீட்டில் நுழைந்ததும் ஆரம்பித்தது உபசாரம்.

"வாங்க தம்பி, உக்காருங்க."

"பரவால்லீங்கம்மா, நிக்கிறேன்."

"அட, உக்காருங்க தம்பி."

"இல்லீங்கம்மா, இப்பதான் உக்காந்துட்டு வந்தேன்."

சம்பந்தியம்மாவின் முகம் சுருங்கியது. சம்பந்தி வீட்டில் போட்ட நாற்காலியில் உட்காராமல் நிற்பது என்றால் சும்மாவா? மனதில் கோபம் வைத்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்? "எங்க வீட்டு நாற்காலி தம்பிக்கு ஆகலையோ என்னமோ" என்று சபைக்குக் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார். கோகிலா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள். கண் நிறையத் தண்ணீர்.

"முடி எறக்குன அன்னைக்கு நடந்தத மனசுல வச்சிருக்கீங்களாண்ணே? வந்தும் இப்படி மானத்த வாங்குறீங்களே. இதுக்கு வராமலே இருந்திருக்கலாம்."

கூடப்பிறந்த தங்கச்சியிடம், அதுவும் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, "அந்த எடத்துல கட்டிம்மா" என்று எப்படிச் சொல்ல? "அதெல்லாம் இல்லம்மா, இந்தா உக்காருறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மணையை நோக்கி நடந்தேன். சாந்தி பின்னால் வந்து, "ஒரு பக்கமா சாஞ்சி உக்காருங்க, சிரிச்ச மொகமா இருங்க" என்று காதில் ஓதினாள்.

மணை என்றால் வெறும் பலகை. மெத்தை மேல் மெத்தை போட்டவனுக்குக் கடைசியில் வாய்த்தது அதுதான். ஆசாரி எதிரே ஊசியோடு தயாராக இருந்தார்.

"ஆசாரி ஐயா, நின்னுக்கிட்டே குத்துற வழக்கம் ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டேன்.

"மாமன்காரரே, புள்ளைய மடியில வைக்கணும். நின்னா மடி ஏதுங்க?" என்றார். சபையே சிரித்தது.

மெல்ல மெல்ல, ஒரு பக்கமாகச் சரிந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். வேர்த்துக் கொட்டியது. பல்லைக் கடித்துச் சிரித்தேன். மாலை போட்டார்கள். கவிஷாவைத் தூக்கி மடியில் வைத்தார்கள். மூன்று வயதுப் பிள்ளை, நல்ல கனம். எல்லோரும் அவள் எப்போது அழுவாள் என்று மிட்டாயும் பொம்மையுமாகக் காத்திருந்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். அது என்னவென்று பார்க்க கவிஷா என் மடியில் ஒரு துள்ளுத் துள்ளி, நன்றாக அழுத்தி உட்கார்ந்தாள்.

"ஐயோஓஓ... அம்மாஆஆ!"

அந்த அலறல் பிள்ளையுடையது இல்லை. ஊசி இன்னும் காதைத் தொடவே இல்லை. என் கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் ஊற்றியது. அடக்கப் பார்த்தேன், விம்மலாக வந்தது. கவிஷா வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்தாள். இவ்வளவு பெரிய ஆள் அழுது அவள் பார்த்ததில்லை. கெட்டிக்கார ஆசாரி அந்த நேரத்துக்குள் இரண்டு காதையும் குத்தி முடித்துவிட்டார். பிள்ளை அழ மறந்து, தன் பிஞ்சுக் கையால் என் கன்னத்தைத் துடைத்தது.

"அழாதீங்க மாமா. முடிஞ்சிருச்சு."

சம்பந்தியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "பாத்தீங்களா? புள்ளைக்கு வலிக்குமேன்னு தாங்க முடியாம அழுவுறாரு. நான் என் ஆயுசுல இப்படி ஒரு தாய்மாமனப் பாத்ததே இல்ல. நிக்கும்போதே பாத்தேன், மனசு பதறிப் போயித்தான் தம்பி உக்கார முடியாம நின்னிருக்கு. நான்தான் தப்பா நெனச்சிட்டேன்!" அங்கிருந்த பெண்கள் அத்தனை பேரும் மூக்கை உறிஞ்சினார்கள். கோகிலா சபை நடுவில் தலை நிமிர்ந்து நின்றாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

உண்மை எவ்வளவு நேரம் தாங்கும்? சாந்தியின் சத்தியம் அடுப்படி வரைக்கும்தான் தாங்கியது. கொஞ்ச நேரத்தில் உள்ளே ஏதோ சட்டி உருண்டது. கோகிலா சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். மாமியார் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல மாமி, சந்தோஷம்" என்றாளாம்.

கட்டி உடைந்து ஆறிய பிறகு நான் ஒழுங்காக விசாரித்தேன். ரோட்டில் ஓட்டும்போது சைக்கிள் ஆடும், நாமும் குண்டு குழிக்கு எழும்பி எழும்பி உட்காருவோம். ஸ்டாண்டில் எதுவும் அசையாது, பாரம் முழுக்க ஒரே இடத்தில் இறங்கும். மெத்தை கூடினால் எலும்பு உள்ளே அமிழ்ந்து, நடுச்சதைதான் நசுங்கும். உட்காரும் எலும்பு இரண்டும் மேலே வந்து உட்காருகிற அகலத்தில், கொஞ்சம் இறுக்கமான சீட்தான் வேண்டும். அட்டைப் பெட்டியை வெட்டிப் படியில் போட்டு, அதில் உட்கார்ந்து எழுந்து, பதிந்த இரண்டு பள்ளத்துக்கும் இடையில் அடிமட்டத்தால் அளந்து, அந்த அளவுக்கு ஒன்று வாங்கினேன். இடையிடையே எழும்பி நின்றும் மிதிக்கிறேன். இப்போது மிதிப்பது பஞ்சாய்ப் போகிறது. சீனியும் இறங்கிவிட்டது.

ஆனால் நிம்மதி இல்லை. அடுத்த மாதம் கோகிலாவின் சின்னவனுக்குக் காது குத்து. அழுகிற தாய்மாமனைப் பார்க்கவென்றே பட்டிப்பொலவிலிருந்து சம்பந்தியம்மாவின் சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வருகிறார்களாம். நேற்று கோகிலா போன் எடுத்தாள்.

"அண்ணே, ஒடம்பு எப்படி?"

"நல்லா இருக்கும்மா. ஒரு வலியும் இல்ல."

"ஐயோ, அப்ப எப்படிண்ணே? மூத்தவளுக்கு அழுதாரு, சின்னவனுக்கு ஒரு சொட்டுக்கூட வரலியேன்னு மாமி காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்களே. எப்படி அழுவீங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா அழுதே ஆகணும்."

போனை வைத்துவிட்டு, "அழுதே ஆகணுமாம்" என்றேன். சாந்தி துணி மடித்தபடியே நிமிராமல் சொன்னாள்.

"நீங்க ஏங்க கவலப்படுறீங்க? நான் பின்னாலதானே நிப்பேன். எங்க கிள்ளணும்னு எனக்குத் தெரியும்."