நானூற்றுப் பன்னிரண்டு அனுதாபங்கள்

மாமனார் செத்துப்போன செய்தி முதலில் மாமனாருக்குத்தான் வந்தது. பல் தேய்த்துக்கொண்டிருந்தார், போன் சிணுங்கியது.

'தங்கள் அன்புக்குரியவர் இன்று மறைந்தமைக்கு ஆழ்ந்த அனுதாபங்கள். இப்படிக்கு, தலைவர், ஓய்வுபெற்ற தபால் ஊழியர் சங்கம்.'

தலைவர் அவரேதான். தன் சாவுக்குத் தானே அனுதாபம் சொல்லிக்கொள்ளும் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? மனுஷர் அதை அனுபவிக்கவில்லை.

"மாப்பிள்ளை!"

மாடியிலிருந்து மாப்பிள்ளை இறங்கி வந்தார். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர். கல்யாணமாகி ஆறு வருஷம், மாமனாரிடம் இன்னும் ஒரு நல்ல பேர் வாங்கியதில்லை. அடுத்த மாதம் சங்கத் தேர்தல். போன தடவை மாமனார் நானூற்று நான்குக்கு எட்டு என்று ஜெயித்தவர். தபால்காரர்கள் இல்லையா, எல்லாம் தபால் ஓட்டு. இந்தத் தடவை வாக்குச் சீட்டு அச்சடிக்கும் வேலை மாப்பிள்ளையின் புரோகிராமுக்கு. "இதையாவது உருப்படியா செய்யுங்க. இல்லேன்னா எங்கப்பா மூஞ்சில நான் முழிக்க முடியாது" என்று மனைவி எச்சரித்திருந்தாள்.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"உறுப்பினர் பட்டியல்ல 'இறந்த தேதி'ன்னு ஒரு கட்டம் இருக்குல்ல மாமா. நானூத்திப் பன்னெண்டு பேருக்கும் அது காலி. தேதி இல்லேன்னா புரோகிராம் முரண்டு பிடிச்சு நின்னுடுது. அதான், காலியா இருந்தா இன்னைக்குத் தேதியைப் போட்டுக்கோன்னு எழுதிட்டேன். தேதி விழுந்தா அனுதாபச் செய்தி தானா போகும்ங்கறதை மறந்துட்டேன்."

"அந்தக் கட்டத்தைத் தொடாதீங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே! உயிரோட இருக்கறவனுக்கு அது காலியாத்தான்யா இருக்கும்!"

"பத்தே நிமிஷம் மாமா."

இன்றைய தேதிதானே தகராறு? காலியாக இருந்தால் 1900 ஜனவரி ஒன்று என்று மாற்றினார். போன் மறுபடி சிணுங்கியது.

'தங்கள் அன்புக்குரியவர் 1-1-1900 அன்று மறைந்தமைக்கு…'

"நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டேனா? அப்போ உங்களுக்குப் பொண்ணு கொடுத்தது யாரு?"

மாப்பிள்ளை மாடியேறினார். பழசு வேண்டாம், புதுசாகப் போடுவோம் என்று 9999 டிசம்பர் 31 என்று வைத்தார்.

மூன்றாவது செய்தியைப் படித்ததும் மாமனார் முகம் கொஞ்சம் தெளிந்தது. மாமியார்தான் அலறினார்.

"அதுவரைக்கும் இவருக்கு நான் சமைச்சுக் கொட்டணுமா?"

அதற்குள் வாசல் கேட் ஆடியது. எட்டுக் கிழவர்கள். முன்னால் நின்றவர் கைத்தடியை ஓங்கினார்.

"ஏன்யா, என்னைக் கொன்னுட்டுத்தான் எலெக்‌ஷன்ல ஜெயிக்கணுமா? என் மகன் அழுதுக்கிட்டே ரயில் ஏறிட்டான்!"

"ஒரு நாளைக்கு மூணு தடவை சாகடிக்கறாங்கப்பா!" என்றார் பின்னாலிருந்தவர்.

மாப்பிள்ளை மாமனார் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார். "மாமா, எட்டுப் பேருக்கே இந்த ஆட்டம். மீதிப் பேரும் வந்தா?"

"வர மாட்டாங்க" என்றார் மாமனார் சட்டென்று. "அவங்கள்லாம் தங்கமானவங்க. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்ல. விட்டுடுங்க."

இப்படி ஒரு பெருந்தன்மையை மாமனாரிடம் மாப்பிள்ளை பார்த்ததே இல்லை. கண் கலங்கிவிட்டது. நல்ல பேர் வாங்க இதைவிட நல்ல நேரம் ஏது?

"அப்படி விட முடியாது மாமா! தப்பு என்னுது. ஒருத்தர் விடாம நானே போன் பண்ணி, அவங்க வாயால 'மன்னிச்சேன்'னு கேட்டாத்தான் எனக்குச் சோறு இறங்கும்."

"வேணாம் மாப்பிள்ளை. சொன்னாக் கேளுங்க."

"பண்ணட்டுமே!" என்றது கைத்தடி.

அந்த நேரம் பார்த்து, சங்கத்து டைப்பிஸ்ட் அம்மா சங்கத்தின் போனைக் கையில் பிடித்தபடி மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"யாருக்கும் போன் பண்ண வேண்டாம் சார். காலையில போன முதல் செய்திக்கே மீதி நானூத்தி மூணு வீட்லேர்ந்தும் பதில் வந்துடுச்சு: 'ரொம்ப நன்றி, அவர் போய் இத்தனை வருஷம் கழிச்சாவது சங்கத்துக்குத் தெரிஞ்சுதே!'"