முக்கியமானது மேலே

மனைவியின் மெயில் பெட்டியைத் திறந்ததும் றெமிஜியஸுக்கு விடியற்காலையில் கடை வாசலில் வந்திறங்கும் கத்தரிக்காய்ப் பெட்டிகள்தான் நினைவுக்கு வந்தன. நல்லது எது, அழுகல் எது என்று கண்டுபிடிக்க முடியாதபடி எல்லாம் ஒன்றாய்க் குவிந்து கிடந்தது.

“என்னப்பா இது! ஆயிரக்கணக்கிலை திறக்காமல் கிடக்கு!”

“அதுக்குத்தானே உங்களிட்டைத் தந்தனான்,” என்றாள் பியட்றிஸ், குசினியில் இருந்தபடியே. “கண் டொக்டர் வரச்சொன்ன ரந்தேவூ நாளும் உதுக்கைதான் துலைஞ்சது. முக்கியமானது மேலை நிக்கிற மாதிரி ஒருக்கா அடுக்கி விடுங்கோ. நான் இனி உந்தப் பக்கமே வரமாட்டன். ஏதும் வந்தால் நீங்கள் சொன்னால் போதும்.”

றெமிஜியஸுக்குப் பெருமையாக இருந்தது. லா ஷப்பலில் காய்கறிக் கடையில் இருபது வருடமாக அவர் செய்யும் வேலையே அதுதான். நல்லது மேலே, வாடினது கீழே. லா கூர்னெவ் வீட்டிலிருந்து ரயிலில் போகும்போதும் வரும்போதும் அடுக்கினார். பாதி விலைச் சப்பாத்து, இலவசப் பூச்சாடி, அவள் ஒருநாளும் போகாத கடல்கரை விடுதிகள் எல்லாவற்றையும் அள்ளி எறிந்தார். பெட்டி துப்புரவானது.

துப்புரவான பெட்டியின் உச்சியில் ஒரு பெயர் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. கிரிகோரி.

கிரிகோரியை அவருக்குத் தெரியும். இங்கே பொண்டி என்ற புறநகரில் இருக்கும் புதுச்சேரிக்காரர். பியட்றிஸ் சனிக்கிழமைகளில் போகும் மாதா கோயில் பாட்டுக்குழுவை நடத்துகிறவர். பூசையில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். நல்ல உயரம். கோடையிலும் கழுத்தில் ஒரு சால்வை. அந்தச் சால்வையை அன்றைக்கே றெமிஜியஸுக்குப் பிடிக்கவில்லை.

மெயில் பிரெஞ்சில் இருந்தது. றெமிஜியஸின் பிரெஞ்சு வெங்காயம் விற்கவும் போலீஸ்காரனுக்கு விசா காட்டவும் போதும், இதற்குப் போதாது. கைபேசியில் மொழிபெயர்க்கக் கொடுத்தார்.

‘அன்பு பியட்றிஸ், இதற்கு எனக்கு நீங்கள்தான் வேண்டும். வெகு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களுக்கு இப்போது தெரிய வேண்டாம். வியாழனுக்குள் ஆம் என்று ஒரு சொல் போதும்.’

கீழே இன்னொன்றும் இணைக்கப்பட்டிருந்தது. அதைத் திறந்து பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. படமாக இருந்தால்?

அன்றைக்குச் சாப்பிடும்போது மெல்லக் கேட்டார். “உந்தப் பாட்டுக்காரர் எப்பிடி ஆள்?”

“ஆர், கிரிகோரியே? தங்கமான மனுசன். பிழை விட்டாலும் ஏசமாட்டார். திரும்பத் திரும்பப் பொறுமையாச் சொல்லித் தருவார்.”

“நானும் பாடுறனான்தானே.”

“நீங்கள் பாடினால் வாழைக்காய்க்கு விலை கூவுற மாதிரி இருக்கும்,” என்று சொல்லிச் சிரித்தாள் பியட்றிஸ். வேறொரு நாளாயிருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

மறுநாள் அந்தப் பெயரில் மஞ்சள் அடையாளமும் விழுந்திருந்தது; கடையில் காசு மேசையில் இருக்கும் சுஜானியிடம் போனார். இங்கேயே பிறந்த பிள்ளை; இந்தச் சாமான்களெல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

“பிள்ளை, எனக்குத் தெரிஞ்ச ஒராள் கேட்டவர். மெயில் பெட்டியிலை ஒருத்தன்ரை பேர் மட்டும் எப்பவும் மஞ்சள் அடிச்சு மேலை நிக்குதாம். என்னத்துக்கு?”

“அது வந்து அண்ணை, ஆரின்ரை மெயிலை அடிக்கடி திறந்து பாக்கினமோ, அவர்தான் முக்கியமான ஆள் எண்டு மெஷின் தானாப் பிடிச்சிடும்.”

றெமிஜியஸ் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். அடிக்கடி! அப்படியென்றால் பியட்றிஸ் அதை அடிக்கடி திறந்திருக்கிறாள்! முந்தின நாளிலிருந்து ரயிலிலும் கழிப்பறையிலும் உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னாலும் நின்று அதைத் திறந்து திறந்து பார்த்தது யார் என்ற கேள்வி மட்டும் அவருக்கு வரவேயில்லை.

“அவன்ரை மெயிலைக் கண்ணிலை படாமல் செய்ய ஏலுமோ? ஆருக்கும் தெரியாத ஒரு இடத்திலை?”

“ஏலும் அண்ணை. உங்கடை தெரிஞ்ச ஆளுக்குச் சொல்லுங்கோ…” என்று சுஜானி செய்து காட்டினாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. இனி கிரிகோரி அனுப்புவதெல்லாம் நேரே தனிப்பெட்டி ஒன்றுக்குள் போய் விழும். அதற்கு ‘வெங்காயம்’ என்று பெயர் வைத்தார். வெங்காயத்தை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்?

வியாழன் போனது. கிரிகோரிக்கு ஆம் என்ற சொல் போகவில்லை. றெமிஜியஸ் வெற்றிப் பெருமூச்சு விட்டார்.

சனிக்கிழமை பியட்றிஸ் பாட்டுப் பழகிவிட்டு வந்து கைப்பையைக் கதிரையில் எறிந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“மாதா திருநாளுக்குத் தனிப்பாட்டு. எனக்கெண்டுதான் வைச்சிருந்ததாம். நான் பதில் போடாததாலை அற்புதராணிக்குக் குடுத்திட்டினம்!”

“என்ன தனிப்பாட்டு?”

“மெயில் போட்டவராம். மற்றவை கோவிப்பினம் எண்டு ரகசியமாக் கேட்டவராம். பாட்டுத் தாளையும் சேத்து அனுப்பினதாம். எத்தினை வருசமா அந்தக் குழுவிலை பின் வரிசையிலை நிக்கிறன், உங்களுக்குத் தெரியுமே? ஒருக்கா முன்னுக்கு நிண்டு பாட ஆசைப்பட்டனான். இஞ்சருங்கோ, மெயில் ஒண்டும் வரேல்லையே?”

றெமிஜியஸ் கைபேசியைச் சட்டைப்பைக்குள் தள்ளினார். “இ… இல்லையப்பா. கண்டால் சொல்லியிருப்பன்தானே.”

பியட்றிஸ் அறைக்குள் போய்ப் படுத்துவிட்டாள். அன்றைக்கு அடுப்பு மூட்டப்படவில்லை. றெமிஜியஸ் வெறும் பாண் ரொட்டியைக் கடித்துக்கொண்டு யோசித்தார். குற்றம் தன்னுடையது. திருத்த வேண்டியதும் தான்தான். பியட்றிஸ் எழுதுவது போல இரண்டு வரி எழுதினால் ஆள் மனமிரங்கிப் பாட்டைத் திருப்பித் தந்துவிடுவார். பிரெஞ்சில் எழுத வராது. தமிழிலேயே எழுதினார்.

‘நீங்கள் கேட்டதற்கு ஆம். பிந்தியதற்கு மன்னியுங்கோ. என் மனம் முழுக்க அதில்தான் இருக்கு. எனக்கே தாங்கோ. பியட்றிஸ்.’

பாட்டு என்ற சொல்லை எங்குமே எழுதவில்லை என்பது அனுப்பிய பிறகும் அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் வெங்காயத்துக்குள் பதில் கிடந்தது. அதுவும் தமிழில்.

‘ஆம்னா என்ன அர்த்தம்? எதைத் தரணும்? உங்க மனசுல என்ன இருக்குன்னு வெளிப்படையாச் சொல்லுங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.’

அடங்கியிருந்த நெருப்பில் யாரோ எண்ணெய் ஊற்றிய மாதிரி இருந்தது. பாட்டுக் கேட்டால் இவன் மனசைக் கேட்கிறானே! தனிப்பாட்டு என்பதெல்லாம் சும்மா சாட்டு! இவனை விடக்கூடாது. வாயைக் கிளறி, எழுத்தில் வாங்கி, ஊரறியப் பிடிக்க வேண்டும்.

‘முதலில் நீங்கள் சொல்லுங்கோ,’ என்று எழுதினார்.

‘இல்ல, நீங்கதான் மொதல்ல,’ என்று வந்தது.

சின்ன இரை போட்டால் இவன் அகப்படமாட்டான் என்று விளங்கியது. தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் குந்தியிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்: ‘நீங்கள் பாடேக்கை நான் தாளைப் பாக்கிறேல்லை. உங்களைத்தான் பாக்கிறனான்.’

அனுப்பிவிட்டு, தன் மனைவியின் பெயரில் தானே இப்படி எழுதினோமே என்று அவருக்கு அழுகை வந்தது.

பதில் உடனே வந்தது. ‘அப்படியா! எவ்வளவு நாளா?’

“அண்ணை, தக்காளியை நசிக்கிறியள்!” என்று சுஜானி கத்தினாள்.

இப்படியே போனது. அவர் ஒரு தூண்டில் போட்டால் அந்தப் பக்கத்திலிருந்து இன்னும் பெரிய தூண்டில் வந்தது. வீட்டில் பியட்றிஸ் ஒன்றும் நடக்காதவள் போல மீன் வெட்டினாள், உடுப்பு மடித்தாள், முணுமுணுத்துப் பாடினாள். அவள் பாடும் ஒவ்வொரு வரியும் அந்தச் சால்வைக்காரனுக்காகவே பாடுகிற மாதிரி இருந்தது. இந்த மெயில்களில் ஒன்றைக்கூட அவள் எழுதவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் இப்படியெல்லாம் உருகி எழுதுகிறவள் மேல் கோபம் வராமல் எப்படி இருக்கும்?

ஒருநாள் கேள்வி வேறு மாதிரி வந்தது. ‘உங்க வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர்?’

றெமிஜியஸ் உற்சாகமாக எழுத உட்கார்ந்தார். பியட்றிஸ் என்ன சொல்லுவாள்? யோசித்தார். வாடிக்கையாளர் இரண்டு பேர் வந்து போனார்கள். இன்னும் யோசித்தார். பியட்றிஸ் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

கடைசியில் எழுதினார்: ‘நல்லவர். முருங்கைக்காய் தெரிஞ்செடுக்கிறதிலை அவரை அடிக்க ஆளில்லை. சிரிச்சால் வடிவாயிருப்பார். ஆனால் கடையிலைதான் சிரிக்கிறவர். வீட்டுக்கு வரேக்கை களைச்சுப் போய் வருவார்.’

அதற்கு வந்த பதில் அவரைத் தூக்கிப் போட்டது. ‘இவ்வளவு நல்ல மனுஷனை வீட்ல வெச்சுக்கிட்டு எனக்கு ஏம்மா எழுதுறீங்க? அவரை நெனச்சா பாவமா இல்லையா?’

இவன் என்ன மாதிரியான ஆள்? களவெடுக்க வந்தவன் வீட்டுக்காரனுக்காகக் கண்ணீர் விடுகிறானே! றெமிஜியஸ் அந்த வரியைப் பலமுறை வாசித்தார். தன்னைப் பாவம் என்று இந்த நகரத்தில் இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.

அடுத்த நாள் வெங்காயம் காலியாக இருந்தது. அதற்கடுத்த நாளும். றெமிஜியஸ் நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தார். ஏன் எழுதவில்லை? வேறு யாருக்காவது எழுதுகிறானா? அற்புதராணிக்கா? தனிப்பாட்டையும் அவளுக்குத்தானே கொடுத்தான்! தான் இப்போது யார்மேல் பொறாமைப்படுகிறோம் என்று அவருக்கே தெளிவில்லாமல் போனது.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. ‘இனிமே எழுத்து வேணாம். நாளைக்குப் பாட்டுப் பழகுற எடத்துல, எல்லாரும் இருக்கும்போது, இதையெல்லாம் நேரா சொல்ல முடியுமா? தைரியம் இருக்கா?’

“எனக்கோ தைரியம் இல்லை?” என்று றெமிஜியஸ் உரக்கவே கேட்டுவிட்டார். பாகற்காய் பொறுக்கிக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் பயந்து பின்னால் போனார்.

சனிக்கிழமை சுஜானியிடம் கடையைப் பார்க்கச் சொல்லிவிட்டு ஏப்ரனோடேயே கிளம்பினார். கோயில் மண்டபத்துக் கதவை அவர் தள்ளியபோது குழு பாடிக்கொண்டிருந்தது. அற்புதராணி முன்னால் தனியே நின்றாள். பியட்றிஸ் பின் வரிசையில். கிரிகோரியின் கை காற்றில் ஆடியது. கழுத்தில் அதே சால்வை.

“நிப்பாட்டுங்கோ!”

பாட்டு பாதியில் அறுந்தது.

“இஞ்சருங்கோ! கடையை விட்டிட்டு இஞ்சை என்ன செய்யிறியள்?” என்று பதறினாள் பியட்றிஸ்.

“இவர் கேட்டவர், எல்லாருக்கும் முன்னாலை சொல்லத் தைரியம் இருக்கோ எண்டு. வந்திட்டன்!” றெமிஜியஸ் கைபேசியை நீட்டிப் பிடித்து வாசித்தார். “‘உங்க மனசுல என்ன இருக்குன்னு வெளிப்படையாச் சொல்லுங்க.’ இது ஆர் எழுதினது? ‘எவ்வளவு நாளா?’ இது ஆர் எழுதினது? இன்னொருத்தன்ரை மனிசிக்கு எழுதிற எழுத்தா இது?”

கிரிகோரி திரும்பிப் பியட்றிஸைப் பார்த்தார்.

“எனக்கோ?” என்றாள் பியட்றிஸ். “எனக்கு எப்ப எழுதினவர்? உந்தப் பெட்டியை உங்களிட்டைத் தந்த நாளிலையிருந்து நான் திறக்கவேயில்லையே!” அவள் முன்னால் வந்து கைபேசியை வாங்கிக் கீழே கீழே தள்ளிப் பார்த்தாள். “இதென்ன… ‘நான் தாளைப் பாக்கிறேல்லை, உங்களைத்தான் பாக்கிறனான்’? ஆர் இது, நானே?”

றெமிஜியஸ் ஏப்ரன் நுனியைத் திருகினார்.

“‘முருங்கைக்காய் தெரிஞ்செடுக்கிறதிலை அவரை அடிக்க ஆளில்லை’…” பியட்றிஸ் நிமிர்ந்தாள். “இதை எழுத உலகத்திலை ஒரு ஆள்தான் இருக்கு.”

சோப்ரானோ வரிசையில் ஒருத்தி பொத்திய வாயையும் மீறிச் சிரித்தாள். பிறகு எல்லா வரிசையும் சிரித்தது. பியட்றிஸுக்குக் கோபமா சிரிப்பா என்று பிடிபடவில்லை.

“தனிப்பாட்டு மெயிலையும் நீங்கள்தான் ஒளிச்சனீங்களோ?”

“ஓம்,” என்றார் றெமிஜியஸ், தரையைப் பார்த்து. “எனக்கு எரிச்சல். நீர் சிரிச்சுச் சிரிச்சு இவரைப் பற்றிக் கதைக்க எனக்குத் தாங்கேல்லை. நான் எழுதினது பிழைதான். எல்லாம் பிழைதான்.” சட்டென்று அவருக்குப் பழைய வீராவேசம் திரும்பியது. கிரிகோரியை நோக்கி விரலை நீட்டினார். “ஆனால் இவர் ஏன் பதில் போட்டவர்? நான் பொம்பிளையெண்டு நினைச்சுத்தானே போட்டவர்! அதைக் கேளுங்கோ முதலிலை!”

நியாயமான கேள்விதான். சிரிப்பு நின்றது. எல்லாத் தலையும் கிரிகோரியின் பக்கம் திரும்பியது. கிரிகோரி பியட்றிஸின் கையிலிருந்து கைபேசியை வாங்கி, தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“இதுல என்னங்க எழுதியிருக்கு?” என்றார்.

மண்டபத்து மூலையில் இதுவரை அசையாமல் இருந்த ஓர்கன்காரி மெல்ல மூடியைச் சாத்திவிட்டு எழுந்தாள். கிரிகோரியின் மனைவி நதாலி. முகம் செக்கச்சிவந்திருந்தது.

“அவருக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாதுங்க மெஸ்யே,” என்றாள் நதாலி. “உங்க சம்சாரத்தோட பேரு அவரு பொட்டியில எப்பவும் மேலேயே நிக்குதேன்னு, நான்தான் ஒழுங்கு பண்ண உட்கார்ந்தேன்.”