தங்கப் படி ஏறிய தம்பதி

மனித குலம் பேச்சைக் கண்டுபிடித்தது எதற்காக? பின்னாளில் ஒருவர் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மற்ற நால்வருக்கு உத்தரவு போட வேண்டும் என்பதற்காகத்தான். அந்த ஒருவர், குளிர்சாதனப் பெட்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் நிறுவனம் ஒன்றின் துணை மேலாளர்.

ஐந்து ஐந்து பேராக இரண்டு அணி சேர்ந்து கோட்டை பிடிக்கும் ஆன்லைன் விளையாட்டு அது. ஜெயிக்க ஜெயிக்கச் செம்பிலிருந்து வெள்ளிக்கும் வெள்ளியிலிருந்து தங்கத்துக்கும் ஏறலாம். தனியாக ஆடிய காலமெல்லாம் துணை மேலாளர் செம்பிலேயே 'நிலைபெற்றிருந்தார்'. அதற்கு அவர் என்ன செய்வார், பாவம்? கூட வந்து மாட்டுகிற நால்வரும் முன்பின் தெரியாதவர்கள். ஆட்டம் தொடங்கியதும் அவர்களுக்காக மெனக்கெட்டு வரவேற்புரை நிகழ்த்துவார்.

"நண்பர்களே, இடப்பக்கம் போறதுக்கு முன்னாடி நம்ம நோக்கம் என்னன்னு ஒரு தெளிவுக்கு வருவோம்..."

தெளிவு வருவதற்குள் எதிரணி வந்துவிடும்.

"அங்கிள், புண்ணியமாப் போகும், கொஞ்சம் வாயை மூடுங்க!" என்று நால்வரில் ஒருவர் கெஞ்சுவார்.

ஒழுங்கீனம்! இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு எந்தத் தலைவன்தான் ஜெயிப்பான்? தனியாட்டமே ஆகாது, தன் அருமை தெரிந்த துணை ஒன்று வேண்டும் என்று தீர்மானித்த துணை மேலாளர், மனைவியை அணியில் 'நியமனம்' செய்தார்.

அம்மையார் பல் மருத்துவர். கிளினிக்கில் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் அங்கிருந்தபடியே ஆடுவார். கணவர் வீட்டிலிருந்து ஆடுவார்.

"இடப்பக்கம் போ!"

"ம்."

"நான் சொல்ற வரைக்கும் கை வைக்காதே!"

"ம்... ம்."

அந்த 'ம்'மில்தான் எத்தனை பணிவு, எத்தனை புரிதல்! துணை மேலாளருக்குக் கண் கலங்கிவிடும். கோட்டை கோட்டையாகச் சரிந்தது. செம்பு வெள்ளியானது. வெள்ளி தங்கமானது.

அந்தச் சமயம் பார்த்து நிறுவனத்தில் 'குழுப்பணிப் பயிற்சித் தலைவர்' என்ற புதுப் பதவி முளைத்தது. அதன்மேல் துணை மேலாளருக்கு உயிர். அது மட்டும் கிடைக்காமல் போனால் இந்த அலுவலகத்தில் தலை காட்ட முடியாது என்று மனைவியிடமே புலம்பினார். தம்பதி சமேதராக எல்லார் முன்னிலையிலும் ஆடிக் காட்டி, பதவியைத் தட்டிக்கொண்டு வருவது என்று முடிவாயிற்று.

கூட்ட அறை நிரம்பி வழிந்தது. பெண் இயக்குநர் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். பெரிய திரைக்கு முன்னால், ஒரே மேசையில், கணவனும் மனைவியும் அக்கம்பக்கமாக உட்கார்ந்தார்கள்.

"தனியா ஆடினா செம்பு! சொன்ன பேச்சைக் கேக்குற துணையோட ஆடினா தங்கம்!" என்று முழங்கிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினார் துணை மேலாளர். "இடப்பக்கம் போ! இல்ல, நில்லு! ஏன் நின்னே? முதல்ல நம்ம நோக்கம் என்னன்னா..."

மருத்துவர் திடுக்கிட்டுத் திரும்பினார். அந்த நொடியில் அவருடைய வீராங்கனை செத்தாள். அடுத்து கணவரின் வீரன். கண்மூடித் திறப்பதற்குள் கோட்டையும் போயிற்று.

"என்னங்க, எப்பவும் இப்படித்தான் பேசிக்கிட்டே இருப்பீங்களா?"

"என்ன கேள்வி இது? தினமும் கேட்டுக்கிட்டுதானே இருக்கே?"

"நான் எங்க கேட்டேன்? முதல் நாளே உங்களை ம்யூட்ல போட்டுட்டேனே."

"அப்போ 'ம்', 'ம்'னு சொன்னியே?"

"ஓ, அதுவா? அது தொழில் பழக்கம். வாயைப் பொளந்து வச்சுக்கிட்டு நோயாளிங்க என்னமோ சொல்லுவாங்க, ஒண்ணும் புரியாது. 'ம்'னு சொல்லிட்டு நான்பாட்டுக்குப் பல்லைப் பிடுங்குவேன். கை வேலையில இருந்தா வாய் தானா 'ம்' கொட்டும்."

துணை மேலாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு! பழக்க தோஷத்தில், "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று ஈனக் குரலில் கேட்டார். அவர் நடத்திய கூட்டங்களில் இதுவரை ஒருவரும் சந்தேகம் கேட்டதில்லை. இன்று கிடங்குப் பொறுப்பாளர் எழுந்து நின்றார்.

"எனக்கு இருக்கு சார். மேடம், அந்த ம்யூட் பட்டன் எங்க இருக்கு?"

அறை முழுக்கக் கைகள் உயர்ந்தன. எல்லாருக்கும் அதே சந்தேகம். இயக்குநரின் கையும் பாதி உயர்ந்து, பதவி நினைவுக்கு வந்து இறங்கியது.

ஆனாலும் திறமை வீண்போகவில்லை. பதவி அவருக்கே கிடைத்தது. கூடவே தனி அறை. நாற்புறமும் தடித்த கண்ணாடி, உள்ளே பேசுவது வெளியே துளியும் கேட்காது. அன்றிலிருந்து நிறுவனத்தில் வேலை அமோகமாக நடக்கிறது. தம்முடைய தலைமையே அதற்குக் காரணம் என்கிறார் அவர். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரை மறுப்பவர் யாருமில்லை.

இப்போதும் கண்ணாடிக்குப் பின்னால் அவர் வாய் அசைந்துகொண்டேதான் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் மரியாதையாக ஒரு கணம் நின்று, "ம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறார்கள்.