பின்னிருக்கையின் விசாலம்

ஜூலை மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, மாலை நான்கு மணி. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று மன்னார்த் தீவை வேரோடு பிடுங்கிப் பெருநிலத்தின் பக்கம் எறிந்துவிடுவதுபோல வீசிக்கொண்டிருந்தது. தேநீர்க் கோப்பையை உள்ளங்கையால் மூடி, மணல் விழாமல் விரலிடுக்கால் குடிக்கவேண்டிய பருவம் அது. அந்த வேளையில் என் தம்பி யோசேப் விறாந்தையில் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, தான் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப்போவதாக அறிவித்தான்.

மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியின் காணிப் பிரிவில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, அவன் மே மாதம் ஓய்வுபெற்றிருந்தான். ஓய்வூதியம் வந்தது, பணிக்கொடை வந்தது, ஓய்வு மட்டும் வரவில்லை. கதிரையை இடம் மாற்றுவான். மாற்றிய இடத்தில் இருக்கமாட்டான். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, அங்கே யாரையோ தேடுபவன்போலப் பார்த்துவிட்டு மூடுவான். வாசற் படலைவரை போவான், திரும்புவான். காற்றுக்கும் அவனுக்கும் இடையே ஏதோ போட்டி என்று நான் எண்ணியதுண்டு.

"அக்கா, இவ்வளவு காலமும் அந்தக் கிழட்டு மோட்டார் சைக்கிளிலை கழுதையளுக்குப் பின்னாலை கந்தோருக்குப் போனனான். சாகிறதுக்கு முதல் ஒருக்கா, ஒரே ஒருக்கா, தள்ளாடிப் பாதையிலை காலை முழுசா அழுத்தவேணும். நூற்றைம்பது!"

"அந்த வேகத்தில் போனால் இரண்டு காரியமும் ஒன்றாகவே முடிந்துவிடும்" என்றேன்.

தள்ளாடிப் பாதை என்பது எங்கள் தீவையும் பெருநிலத்தையும் இணைப்பது. இரு பக்கமும் கடல், நடுவே நேர்கோடு. அடிமட்டம் வைத்துக் கீறினாலும் அதைவிட நேராகக் கீற முடியாது. அந்தக் கோட்டில் ஒரு முறை பறந்துவிட வேண்டும் என்பதே என் தம்பியின் ஒரே ஆசை. தடை ஒன்றுதான். பணிக்கொடை இருந்த வங்கிக் கணக்கு இருவர் பெயரில் இருந்தது. மற்றவர் பெயர் இமெல்டா.

இமெல்டா அவன் மனைவி. பசாரில் தையற்கடை வைத்திருப்பவள். அப்போது அவள் ஒரு பாடசாலைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"பாப்பம்" என்றாள்.

இமெல்டா வங்காலை ஊர்ச் சம்மாட்டி ஒருவரின் மகள். அவளுடைய தகப்பனாருக்கு மூன்று வள்ளங்கள் இருந்தன. கரையில் மற்ற வள்ளங்களின் மீனை ஏலம் கூறும்போது அவர் மீனைப் பார்க்கமாட்டார். பேருந்துக்குக் காத்திருப்பவர்போலக் கடலைப் பார்த்தபடி நிற்பார். மற்றவர்கள் கூவுவார்கள், விலையை ஏற்றித் தங்களைத் தாங்களே வெட்டிக்கொள்வார்கள், களைப்பார்கள். அவர் கடைசியில் ஒரு சொல் சொல்வார். மீன் அவருடைய கூடைக்குள் போகும். வள்ளத்தின் சுக்கானைப் பெண்பிள்ளை தொடக்கூடாது என்று அவளைக் கரையிலேயே நிறுத்தி வைத்தார்கள். அங்கே நின்று அவள் கற்றுக்கொண்டது இதைத்தான்.

யோசேப்புக்கு இது தெரியாது. "பாப்பம்" என்பதை அவன் "மாட்டன்" என்று மொழிபெயர்த்துக்கொண்டான். எனவே ஒரு திட்டம் தீட்டினான். ஸ்போர்ட்ஸ் கார் என்பது உண்மையில் ஒரு குடும்ப வாகனம் என்று நிரூபித்துவிடுவது.

ஞாயிறு காலை ஆரம்பித்தான்.

"இஞ்சாரும், இது ரெண்டு கதவு எண்டாலும் நாலு சீற். எங்கடை குடும்பத்துக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி. நீர் தையற்காரி, உமக்கு விளங்கும்."

"ம்."

"உப்புக் காற்றுக்குத் தகரம் கறள் பிடிக்கும் எண்டு யோசிக்கிறீர் போலை. ஒவ்வொரு நாளும் விடிய நானே நல்ல தண்ணியிலை கழுவித் துடைப்பன்."

"ம்."

"என்ரை மோட்டார் சைக்கிளை வித்துப்போடுறன், அப்ப சரிதானே?"

இமெல்டா ஊசிக்கு நூல் கோத்தாள்.

"மீன் சந்தைக்குக் காரைக் கொண்டுபோகமாட்டன். நாறும். பழைய சைக்கிளிலை போறன். சத்தியமா!"

"பாப்பம்."

செவ்வாய்க்கிழமை அவன் மோட்டார் சைக்கிளை விற்றே விட்டான். தன் உறுதியைக் காட்டுவதற்காக. புதன்கிழமை, காரின் சாவி எப்போதும் அவளிடமே இருக்கும் என்று வாக்களித்தான். வியாழக்கிழமை வாக்களிப்பதற்கு எதுவும் மிஞ்சாததால் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான். எதிரில் ஒருவரும் ஏலம் கூறாத சந்தையில் விலையை ஏற்றிக்கொண்டே போன ஒரேயொரு மனிதனை நான் என் வாழ்நாளில் கண்டது அந்த வாரம்தான்.

வெள்ளிக்கிழமை, ஓட்டிப் பார்த்து முடிவு சொல்வதற்காக, கார் வந்தது. கொண்டுவந்தவன் வாகனத் தரகன் றொஷான், இமெல்டாவின் ஒன்றுவிட்ட அண்ணனுடைய மகன். இரத்தச் சிவப்பு நிறம். உயரம் என் இடுப்புவரை. அது எங்கள் குறுகிய ஒழுங்கைக்குள் நுழைந்தபோது எழுந்த உறுமலில் அடுத்த வீட்டுச் சேவல் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது.

"மாமா, இருநூற்றைம்பது குதிரை வலு!" என்றான் றொஷான்.

படலைக்கு நேரே தெருவின் நடுவில் ஒரு கழுதை நின்றது. இருநூற்றைம்பது குதிரைகளும் அது நகரும்வரை காத்திருந்தன.

யோசேப் முன்கூட்டியே ஒரு தந்திரம் செய்திருந்தான். முன்னிருக்கைகள் இரண்டையும் தண்டவாளத்தில் கடைசிவரை முன்னுக்குத் தள்ளி வைக்கும்படி றொஷானிடம் சொல்லியிருந்தான். அதனால் முன்னிருக்கைகள் ஸ்ரியறிங்கை முத்தமிட்டபடி இருந்தன; பின்னிருக்கையோ வரவேற்பறைபோலத் தோன்றியது.

"பாரும், இமெல்டா! காலை நீட்டி ராசா மாதிரி இருக்கலாம்."

எங்கள் பேத்தி ஜெசிக்காவுக்கு ஆறு வயது, யோசேப்பின் மகளுடைய பிள்ளை. மகள் ஆசுபத்திரியில் தாதியாக வேலை செய்வதால் பகலெல்லாம் எங்களோடுதான். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அம்மப்பா, இதிலை பெரியாக்கள் இருப்பினமோ?"

"ஏன் இருக்கமாட்டினம்? நானே இருப்பன்!"

முதல்முறையாக இமெல்டா தலையை நிமிர்த்தினாள்.

"மெய்யோ?" என்று கேட்டாள். "மடு வரைக்கும் இருப்பியளோ?"

"மடு என்ன, கண்டி வரைக்கும் இருப்பன்! ஞாயிற்றுக்கிழமை மடுக்கோயிலுக்குப் போய்ப் பாப்பமே. போகேக்கை நான் பின்னுக்கு. ஆர் வேணுமெண்டாலும் ஓடட்டும். வரேக்கை நான் ஓடுறன். அக்கா சாட்சி!"

என் தம்பி மனத்துக்குள் போட்ட கணக்கு எனக்கு விளங்கியது. போகும்போது றொஷான் ஓட்டுவான். சிறிது சிரமம், பொறுத்துக்கொள்ளலாம். வரும்போது தள்ளாடிப் பாதை, நேர்கோடு, நூற்றைம்பது. கணக்கில் பிழை இல்லை. ஓட்டுநரில்தான் பிழை இருந்தது.

ஞாயிறு விடிந்தது. மடு மாதா கோயிலில் ஆவணித் திருவிழாவின் கொடி ஏறப்போகும் வாரம். சோற்றுப் பொதிகள், தண்ணீர்ப் போத்தல்கள், பாய், என் மூட்டு வருத்தத்துக்கான தைலப் போத்தல் எல்லாம் விறாந்தையில் தயாராக இருந்தன. ஓட்டத் தயாராக றொஷான் சாவியோடு வந்தான். இமெல்டா வாங்கினாள். கைப்பையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து அவனிடம் காட்டினாள்.

"நீ வரத் தேவையில்லை, தம்பி. வீட்டிலை இருந்து இடியப்பம் சாப்பிடு."

அது சாரதி அனுமதிப்பத்திரம். பத்திரத்தில் இருந்தது இமெல்டாவின் முகம்.

யோசேப்பின் வாய் திறந்தது. திறந்த வாய்க்குள் சோளகம் மணலை நிரப்பியது.

"இது... இது எப்ப எடுத்தனீர்?"

"தவக்காலத்திலை."

"தவக்காலத்திலை நீர் வெள்ளிக்கிழமையிலை சிலுவைப்பாதைக்கெல்லே போனனீர்?"

"போனனான். அது ஆறு மணிக்கு. கார் பழக்கிறவர் அஞ்சு மணிக்கு வாறவர்."

அவள் ஓட்டுநர் ஆசனத்தில் அமர்ந்தாள். இமெல்டா உயரமானவள், கால்கள் நீளம். ஆசனத்தின் கீழே கையை விட்டு ஒரு கம்பியை இழுத்தாள். இருக்கை "கிர்ர்" என்று கடைசிவரை பின்னால் வந்தது. என் மூட்டு மடங்காது என்பது ஊரறிந்தது. ஆகவே மற்ற முன்னிருக்கை எனக்கு. அதுவும் கடைசிவரை பின்னால் வந்தது. வரவேற்பறை மறைந்தது. மிஞ்சிய இடம் ஒரு தபாற்பெட்டியின் வாய் அளவு. அதற்குள் ஜெசிக்கா இலகுவாக நுழைந்தாள். அவளுக்குப் பின்னே சோற்றுப் பொதி நுழைந்தது. அதற்குப் பின்னே பாயும் என் தம்பியும்.

"வசதிதானே, இஞ்சாருங்கோ?" என்று இமெல்டா கண்ணாடியில் பார்த்துக் கேட்டாள்.

"ஓ... ஓமப்பா. தாராளம்."

"அம்மப்பா, உங்கடை முழங்கால் என்ரை மூக்கிலை இடிக்குது."

"அது என்ரை முழங்கால் இல்லைப் பிள்ளை, அது என்ரை நாடி."

உயிலங்குளம் கடந்தது. முருங்கன் கடந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னால் ஒரு முனகல் கேட்டது. முனகலுக்குப் பிறகு ஜெசிக்கா ஒரு அறிக்கை வாசித்தாள்: "அம்மம்மா, அம்மப்பா இப்ப சப்பையா வந்திட்டார்." இமெல்டா ஒரு கையால் ஸ்ரியறிங்கைப் பிடித்திருந்த விதத்தை நான் கவனித்தேன். கரையில் நிறுத்தப்பட்ட பெண்பிள்ளை சுக்கானைப் பிடித்திருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு அமைதியை நான் திருமண நாளிலும் காணவில்லை.

மடுக்கோயில் வளவில் மரநிழல் பார்த்து நிறுத்தினோம். யோசேப்பை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. நானும் இமெல்டாவும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்தோம். வெயிலில் காயவைத்த கருவாடுபோல வளைந்தபடியே வந்தான், நிமிரவில்லை. யாத்திரிகர் சிலர் அவனை நேர்த்திக்கடனுக்கு முழங்காலில் வந்தவன் என்று எண்ணி வழிவிட்டார்கள்.

பூசை முடிந்து, சோறு முடிந்து, அவன் தன் கெண்டைக்காலில் என் தைலத்தைப் பூசிக்கொண்டு மெல்லச் சொன்னான்:

"இமெல்டா, நான் யோசிச்சனான். இது குடும்பத்துக்குச் சரிவராது. பழைய டொல்பின் வான் ஒண்டு பாப்பம். பத்துப் பேர் போகலாம். கால் நீட்டலாம்."

"பாப்பம்" என்றாள் இமெல்டா.

திரும்பும் வேளையில் அவன் சாவிக்குக் கை நீட்டினான். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்று அவள் உடனே கொடுத்தாள். அவன் ஓட்டுநர் ஆசனத்தில் அமர்ந்தான். இடது காலால் கிளச்சை மிதித்தான். மிதித்ததாக எண்ணினான். கால் அவனுடையதாக இல்லை. மடு வரும்வரை அவனுக்கு அடியில் உறங்கிய கால், உறக்கத்திலேயே இருந்தது. மறுபடி முயன்றான். சதை முடிச்சிட்டுக்கொண்டது. "ஐயோ மாதாவே!" என்ற குரல் கோயில் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஆகவே பழைய ஒழுங்கே தொடர்ந்தது.

தள்ளாடிப் பாதைக்கு வந்தபோது சூரியன் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சாலையில் கழுதைகள் இல்லை, வாகனங்கள் இல்லை. நேர்கோடு. இமெல்டா செருப்பைக் கழற்றினாள். காலை அழுத்தினாள். இயந்திரம் ஒரு பெருமூச்சு விட்டது. இரண்டு பக்கக் கடலும் பின்னால் ஓடின. என் முதுகு இருக்கையோடு ஒட்டியது. கண்டிக்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வாயிலிருந்து வந்தது கண்டிப்பு அல்ல; சிரிப்பு.

"கடல் தெரியுதோ, இஞ்சாருங்கோ?" என்று அவள் சத்தமாகக் கேட்டாள்.

"பாய் தெரியுது!" என்றது பின்னிருக்கை.

பாதையின் முடிவில் ஒரு பொலிஸ்காரர் கையை நீட்டினார். இளைஞர், அரைகுறைத் தமிழ், மிகுந்த மரியாதை.

"அம்மா, எழுபதுதான் போகலாம், இது எண்பத்திரண்டு. ஏன் இவ்வளவு வேகம்?"

"ஐயா, பின்னுக்கு வருத்தக்காரர். கால் இழுத்துப்போட்டுது" என்றாள் இமெல்டா. அது பொய்யும் அல்ல.

பொலிஸ்காரர் குனிந்து பார்த்தார். பாய்க்கும் சோற்றுப் பொதிக்கும் நடுவே மடிந்து கிடந்த உருவத்தைக் கண்டு அவர் முகம் இளகியது. "அடடா. ஆசுபத்திரிக்கா? சரி, சரி, போங்கோ..."

அந்த இடத்தில் என் தம்பி பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் காலையிலிருந்து பட்ட அவமானம் முழுவதும் அவன் தொண்டைக்கு வந்துவிட்டது.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை! நான் நல்லாத்தான் இருக்கிறன்! பின் சீற் தாராளம்!"

பொலிஸ்காரர் நிமிர்ந்தார். புத்தகத்தை எடுத்தார்.

வீட்டில் றொஷான் பதிலுக்காகக் காத்திருந்தான். யோசேப் நொண்டியபடி முந்திக்கொண்டு, "தம்பி, மாமிக்குப் பிடிக்கேல்லை. கொண்டு போ" என்றான்.

"ஆர் சொன்னது?" என்றாள் இமெல்டா. "எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. நாளைக்கு வங்கி திறக்கக் காசு தாறன்."

"நீர் தொடக்கத்திலையிருந்து வேண்டாமெண்டெல்லே நிண்டனீர்?"

"நான் எப்ப வேண்டாமெண்டனான்? மச்சாள், நீங்கள் எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிருந்தனீங்கள்தானே. சொல்லுங்கோ."

ஆசிரியையாகப் பரீட்சை விடைத்தாள் திருத்திய காலம்போல நான் அந்த வாரத்தை வரிவரியாக நினைவில் ஓட்டினேன்.

"இல்லை, தம்பி" என்றேன். "அவள் வேண்டாமென்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. வாக்களித்ததெல்லாம் நீதான்."

காருக்கான பணத்தைத் திங்கட்கிழமை காலை இருவர் கையொப்பத்தோடு பணிக்கொடைக் கணக்கிலிருந்து கட்டினார்கள். வேகத்துக்கான தண்டப்பணம் மூவாயிரம் ரூபாயை அன்று பிற்பகல் யோசேப் தபாற் கந்தோரில் கட்டினான். மோட்டார் சைக்கிள் இல்லாததால் சைக்கிளில், எதிர்க்காற்றில் போய். மார்ச் மாதத்தில் இமெல்டாவின் சாரதிப் பயிற்சிக் கட்டணத்தைக் கட்டியவள் நான். அதை அவள் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை, முன்னிருக்கை எனக்குப் போதும்.