நால்வருள் அயலார் யார்?

பிறர் அறிவை அளக்கப் புறப்படுபவனுக்குத் தன் அறிவைப் பற்றிய ஐயம் எழவே கூடாது. சப்பானியர் ஆட்சிக்கால மலாக்காவில் எனக்கு அத்தகுதி நிரம்ப இருந்தது.

ஆங்கிலப் பள்ளி மூடப்பட்டு வேலையிழந்த ஆசிரியன் நான். மருத்துவமனையின் மருந்துக்கிடங்கிற்கு உதவியாளர் ஒருவரைத் தேர்ந்தெடுத்துத் தருமாறு என்னைக் கேட்டார்கள். அவ்வேலையில் இருப்பவரை, ஆட்கள் கூட்டங்கூட்டமாக மடிந்த சயாம் இரயில் பாதை வேலைக்குச் சப்பானியர் பிடித்துச் செல்லமாட்டார்கள். காஜா பேராங் பகுதியின் செட்டிக் கம்பத்து (சிற்றூர்) மாணிக்கமும் இன்னோர் இளைஞரும் வந்தனர். ஒருவர் கிடங்கிற்கு, மற்றவர் சயாமுக்கு.

பயிற்சிக் கல்லூரியில் கண்ட ஆங்கிலேயரின் தருக்க அறிவுத்தேர்வு ஒன்றை நம்மவர்க்கேற்ப மாற்றி, ‘ஏரணத் திறன் தேர்வு’ எனப் பெயரிட்டேன். (பொருள் என்னவென்று என் மனைவி கேட்டாள், இன்றும் கேட்கிறாள்.) என் நண்பர்களான தமிழாசிரியர் மூவரிடம் அதைச் சோதித்தேன். மூவரும் முழு மதிப்பெண் பெற்றனர். தேர்வு நாட்டு மக்கள் அனைவர்க்கும் செல்லும் என முடிவுகட்டினேன்.

என் பெருமைக்குரிய வினா இது: “கந்தன், முருகன், வேலன், ஆ செங். நால்வருள் அயலார் யார்?” முதல் மூன்றும் ஒரே கடவுளின் பெயர்கள், நான்காவது சீனப் பெயர் அல்லவா!

மலாக்காவில் தலைமுறைகளாக வாழும் செட்டி மக்கள் வெளியில் தமிழ் பேசினாலும், அவர்களின் வீட்டுமொழி மலாய் என்பது தேர்வன்று காலையில்தான் உறைத்தது. ‘அயலார்’ என்பதை ‘ஆசிங்’ என்ற மலாய்ச் சொல்லாக மாற்றினேன். வேறுபட்டவன் என்றும் பொருள். அந்நியன் என்றும் பொருள். வரிசையில் நிற்பவருள் ஒருவரை எவரேனும் சுட்டிக்காட்டினால், சப்பானியரின் லாரி வந்து அவரை ஏற்றிச் செல்லும் காலம் அது.

மற்ற இளைஞர் நான் கேட்டு முடிக்குமுன் “ஆ செங்” என்றார்.

மாணிக்கம் வெளிறிப்போனார். “எந்த ஆ செங், சிக்கு? தவ்ஹு விக்கிறவரா?” (‘தவ்ஹு’ சோயாக்கட்டி. மலாயில் ‘சிக்கு’ என்றால் ஆசிரியர். தமிழிலும் அச்சொல் எனக்குப் பொருந்தியது.)

“ஆளைக் கேட்கவில்லை, பெயரைத்தான் கேட்கிறேன்.”

“அவங்களும் மொதல்ல பேரத்தான் கேக்குறாங்க.”

“மாணிக்கம், இது வெறும் ஏரணம்!”

“அது யாரு, புது ஆபீசரா?” என்றவர் குரலைத் தாழ்த்தினார். “செமுவா ஓராங் கித்தா, சிக்கு. எல்லாரும் நம்ம ஆளுங்க. நான் யாரையும் காட்டமாட்டேன்.”

சுழியம் இட்டேன். ஏனைய வினாக்களில் இருவரும் சமம். மாணிக்கம் சயாமுக்குப் போனார்.

போர் முடிந்தபின் எலும்பும் காய்ச்சலுமாகத் திரும்பினார். ஒரு கால் விந்திற்று. பார்க்கச் சென்ற என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், காப்பி கொடுத்தார். காலப்போக்கில் அவர் மகளை என் மகன் மணந்தான்.

திருமணத்தன்று படம்பிடிப்பவர், “குடும்பத்துல இல்லாதவங்க கொஞ்சம் நகருங்க” என்றார். யாரும் நகரவில்லை. மாணிக்கம் பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார்: “சம்பந்தியக் கேளுங்க! ஆசிங் யாருன்னு அவருதான் காட்டுவாரு!”

மண்டபமே சிரித்தது. இன்றும் எங்கள் வீட்டில் யார் படம் எடுத்தாலும் பேரப்பிள்ளைகள் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எல்லாப் படங்களிலும் நான் மட்டும் தலைகுனிந்திருப்பேன். மாணிக்கத்தின் விந்தும் கால் என் பக்கத்தில்தான் நிற்கும்.