ஊருக்குப் படியளக்கும் முருங்கை

வலங்கைமான்,
20.5.2020

அன்பு மகள் அனுசுயாவுக்கு அப்பா அமிர்தலிங்கம் ஆசிகளுடன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் சௌக்கியம். முகக்கவசம்தான் மூக்கில் நிற்க மாட்டேன் என்கிறது; மற்றபடி குறையில்லை.

போனில் "அரிசி இருக்காப்பா, பணம் போடவா?" என்று கேட்டாயே, அன்றிலிருந்து என் மனசே ஆறவில்லை. தஞ்சாவூர்ச் சீமைக்காரனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? உனக்கே பாதிச் சம்பளம்தான் வருகிறது. போனில் பதில் சொன்னால் நீ அழுவாய், நான் கத்துவேன், அதனால்தான் கடிதம்.

சாப்பாட்டுக்கு நிறுத்தி வைத்திருந்த நெல்லை மாசியில் உன் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு விற்றது உண்மை. ரேஷனிலும் அரிசி கிடையாது. "வெவசாயி வரிசையில நின்னு அரிசி வாங்குறதா?" என்று நான்தான் அந்தக் காலத்தில் அரிசி வேண்டாமென்று சர்க்கரை அட்டை கேட்டு வாங்கினேன். இப்போது வீட்டிலும் சர்க்கரை, என் உடம்பிலும் சர்க்கரை. குறுவைக்கு விதைநெல் இரண்டு மூட்டை இருக்கிறது. பட்டினி கிடந்தாலும் அதில் கை வைக்க மாட்டேன். இந்த நேரத்தில்தான் நம் தெரு மளிகைக்கடை ஜெகபர் அலி பட்டியலும் கையுமாக வந்து நின்றான். ஊரடங்கில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு அவனும் நண்பர்களுமாகச் சமைத்துக் கொடுக்கிறார்களாம். "மாமா, ஒங்க பேரையும் எழுதிக்கவா?" என்றான். எனக்கு வந்ததே கோபம்! "குடுக்குறவங்க பட்டியல் இருந்தா எழுது, வாங்குற பட்டியல்ல எழுதாத" என்று சொல்லி, கொல்லை முருங்கையில் கீரை உருவி, தூக்குவாளி நிறையத் திணித்து, அவன் சமையலுக்குக் கொடுத்தனுப்பினேன்.

மதியம் வாளி திரும்பி வந்தது, உள்ளே சுடச்சுட சாம்பார் சோறு. "குடுத்த பாத்திரத்த வெறுமனே திருப்பலாமா மாமா? நம்ம ஊரு வழக்கமில்லையே" என்கிறான். முறையை மறுக்க முடியுமா? மறுநாளும் கீரை அனுப்பினேன், தக்காளிச் சோறு வந்தது. இப்படியே நாற்பது நாள். நோன்பு வைத்துக்கொண்டும் அவன் அடுப்பை அணைக்கவில்லை, நானும் கீரையை நிறுத்தவில்லை. என் கீரையால்தான் அந்தச் சமையலே நடக்கிறது என்று தெருவில் பேச்சு. யார் பேசாவிட்டாலும் நான் பேசுகிறேன். உன் அம்மாதான், "கீர ஒரு புடி, சோறு ரெண்டு ஆளுக்கு. கணக்கு ஒதைக்குதேங்க" என்றாள். கொடுத்ததற்குக் கணக்குப் பார்க்கிற பழக்கம் நம் குடும்பத்தில் உண்டா?

விதைநெல் கட்டு அவிழாமல் இருக்கிறது. மேட்டூர் திறந்ததும் நாற்று விடுவேன். எழுபத்திரண்டு வயதில் இதைவிட என்ன பெருமை வேண்டும்? ஆகவே, பணம் அனுப்பாதே.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, பேத்தி மோகனப்பிரியாவுக்கு முத்தம். மாரியம்மன் உங்களைப் பார்த்துக்கொள்வாள். கையை மட்டும் நீங்களே கழுவிக்கொள்ளுங்கள்.

உன் அப்பா,
அமிர்தலிங்கம்

பி.கு.: முருங்கை மொட்டையாகிவிட்டது. இன்று வாளியில் போட ஒன்றும் இல்லை. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். ஜெகபர் அலியே வந்து, "வெறும் வாளியவே குடுங்க மாமா, கீர மெதுவாத் துளிரட்டும்" என்று எடுத்துப் போனான். சாப்பிடும்போது கண் கலங்கிவிட்டது. காரம் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நீ சொன்ன பணத்தில் ஐநூறு மட்டும் அனுப்பு. எங்களுக்கு இல்லை, நாளைக்கு வாளியில் ஏதாவது வாங்கிப் போட.