நீளமான சொல்லே மரியாதையான சொல்

ஆங்கிலத்தில் ஒரு பொருளுக்கு ஒரே ஒரு சொல் தெரிந்தவர்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை. அதை வைத்தே ஊர் உலகமெல்லாம் சுற்றி வந்துவிடுவார்கள். ஐந்து சொல் தெரிந்தவர்கள்தான் குழியில் விழுவார்கள். விழும்போது பக்கத்தில் நிற்பவரையும் இழுத்துக்கொண்டு விழுவார்கள். நான் என் மாமாவை இழுத்துக்கொண்டு விழுந்தேன்.

மாமா என்றால் என் அக்கா செல்வியின் கணவர் ஏழுமலை. மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். நான் அப்போது திண்டிவனத்தில் பி.காம் முடித்துவிட்டு, வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு அக்கா வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சும்மா இருக்கக் கூடாதே என்று போனில் ஓர் அகராதி ஆப்பை இறக்கி, ஒரே அர்த்தமுள்ள ஆங்கிலச் சொற்களைக் கூட்டம் கூட்டமாக மனப்பாடம் செய்தேன். ஒரு சொல்லுக்கு எதற்கு இத்தனை சொந்தக்காரர்கள் என்று யோசித்ததில், நானே ஒரு விதியைக் கண்டுபிடித்தேன். தமிழில் 'வா' என்றால் சின்னப் பிள்ளைக்கு, 'வாங்க' என்றால் பெரியவர்களுக்கு. மரியாதை கூடக் கூடச் சொல் நீளுகிறது. அப்படியானால் ஆங்கிலத்திலும் இருப்பதிலேயே நீளமான சொல்தானே இருப்பதிலேயே மரியாதையான சொல்! (இதை அப்போதே யாரிடமாவது சொல்லியிருந்தால் நான்கு பேர் சிரித்துத் திருத்தியிருப்பார்கள். நான் அடக்கமானவள் ஆயிற்றே, சொல்லவில்லை.)

அந்த வருஷம் மாமாவுக்கு நேரம் சரியில்லை. காலம் தப்பிப் பெய்த மழையில் பாத்தியில் விளைந்ததெல்லாம் கரைந்துபோயிற்று. மிச்சம் மீதியையும் வியாபாரி சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டிய நிலை. அந்த நேரத்தில்தான் புதுச்சேரியில் ஓட்டல் நடத்தும் மும்பைக்கார மேடம் ஒருவர், கையால் வாரிய உப்பு வேண்டும், பிடித்திருந்தால் வருஷம் முழுக்க உங்களிடமே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியனுப்பினார்.

"இது மட்டும் அமைஞ்சிடுச்சின்னா, அந்த வியாபாரி வீட்டு வாசல்ல போய் நிக்கிற வேலையே இல்ல" என்றார் மாமா.

மேடத்துக்குத் தமிழ் தெரியாது. மாமாவுக்கு ஆங்கிலம் தெரியாது.

"அதான் நம்ம தேவி இருக்குது இல்ல?" என்றாள் அக்கா. விதி அந்த இடத்தில்தான் சிரித்திருக்க வேண்டும்.

காலையில் கார் வந்து நின்றது. பெரிய தொப்பியும் மெலிந்த உடம்புமாக மேடம் இறங்கினார். நான் முன்னால் போய், நெஞ்சை நிமிர்த்தி, மாமாவை அறிமுகப்படுத்தினேன்.

"திஸ் இஸ் மை மாமா. ஹி இஸ் நொட்டோரியஸ் இன் மரக்காணம்."

'ஃபேமஸ்' என்றுதான் சொல்ல நினைத்தேன். அது குட்டிச் சொல், மாமாவுக்குப் போதாது என்று பட்டது. ஃபேமஸ் என்பது சினிமா நடிகருக்கு, நொட்டோரியஸ் என்பது போலீஸ் ஸ்டேஷன் போர்டில் போட்டோ ஒட்டப்பட்டவருக்கு என்கிற வித்தியாசத்தை நான் படிக்கவில்லை. மேடத்தின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

"ஃபார் வாட்?"

"ஃபார் சால்ட், மேடம். எவ்ரிபடி நோஸ். போலீஸ் ஆல்சோ." (போலீஸ்காரர்கள் வீட்டுக்கெல்லாம் மாமாதான் உப்பு கொடுக்கிறார்.)

பேச்சு தன்னைப் பற்றித்தான் என்று புரிந்து, மாமா பணிவாகக் கைகூப்பினார்.

அடுத்து ஷூ. உப்பு விளைகிற பாத்தியில் யாரும் செருப்புக் காலோடு இறங்கக் கூடாது. சேறு பட்டால் உப்பு பழுப்பேறிவிடும். ஆனால் வந்த விருந்தாளியின் ஷூவைப் போய் 'டர்ட்டி' என்பதா? நாக்கு கூசியது. "யுவர் ஷூஸ் ஆர் கண்டாமினேட்டட், மேடம்" என்றேன். டர்ட்டி துடைத்தால் போகும். நான் சொன்னது விஷமோ நோய்க்கிருமியோ கலந்ததற்குச் சொல்வது. மேடம் ஷூவைக் கழற்றி, இரண்டு விரலால் தூக்கி, தள்ளி வைத்துவிட்டுக் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

மாமா ஒரு கை உப்பை அள்ளிக் காட்டினார். "நம்மளுது நல்லா நறநறன்னு இருக்கும், மாவு கணக்கா இருக்காதுன்னு சொல்லும்மா."

நறநறப்புக்கு 'கோர்ஸ்' என்று சொல்லியிருந்தால் கதை முடிந்தது. ஆப்பில் அதன் சொந்தக்காரர்கள் வரிசையில் கடைசியாக, நீளமாக ஒருவர் நின்றார்.

"அவர் சால்ட் இஸ் வெரி இன்டீசன்ட், மேடம். அதர் பீப்பிள்ஸ் சால்ட் இஸ் டீசன்ட். டச் அண்ட் சீ."

கோர்ஸ் கைக்கு நறநறப்பது. இன்டீசன்ட் ஆபாசமானது. மேடம் தொடவில்லை.

கொட்டகையிலிருந்து டீயோடு வந்த அக்கா, மேடத்தை மேலும் கீழும் பார்த்து உருகிப்போனாள். "இன்னாடி இவ்ளோ ஒல்லியா இருக்காங்க, பாவம். மீன் கொழம்பு வச்சிருக்கேன், ஒரு வாய் சாப்ட்டுப் போகச் சொல்லு."

'ஸ்லிம்' என்றால் எந்தப் பெண்ணும் மகிழ்ந்துபோவாள். நான் சொன்னது, "மை சிஸ்டர் சேஸ் யூ ஆர் எமேஷியேட்டட். ப்ளீஸ் ஈட் ஃபிஷ்." பஞ்சத்தில் எலும்பும் தோலுமாகக் கிடப்பவர்களுக்குச் சொல்கிற சொல் அது. மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிளம்ப வேண்டும் என்றார்.

வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மாமாவுக்கு மனசு வரவில்லை. ஒரு பையில் உப்பை நிரப்பிக்கொண்டு ஓடிவந்தார். மேடம் மரியாதைக்காகக் கையை நீட்டினார். மாமா சட்டென்று பையைப் பின்னால் இழுத்து, வரப்பில் வைத்துவிட்டு விலகி நின்றார். உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும் என்பது எங்கள் நம்பிக்கை. கீழே வைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மேடம் திகைத்துப் போய் என்னைப் பார்த்தார்.

'ஆங்ரி' மூன்றாம் வகுப்புச் சொல் என்று தோன்றியது. "இஃப் யூ டேக் ஃப்ரம் ஹிஸ் ஹேண்ட், ஹி வில் பிகம் ஹாஸ்டைல்" என்றேன். ஆங்ரி கொஞ்ச நேரத்தில் ஆறும். ஹாஸ்டைல் எல்லையில் படையைக் கொண்டுவந்து நிறுத்தும்.

போலீசுக்கும் தெரிந்த ஆள். இப்போது தாக்கவும் போகிறான். மேடம் மாமாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஓர் அடி பின்னால் வைத்தார். இன்னோர் அடி வைத்தார். அதற்கு மேல் வரப்பு இல்லை. உப்புத் தண்ணீர் தேக்கியிருந்த பாத்தியில் தொப்பியோடு உட்கார்ந்துவிட்டார்.

அக்கா குடத்தில் நல்ல தண்ணீரோடு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் மேடம், அக்காவின் பூப்போட்ட நைட்டியில் கொட்டகைக்குள் உட்கார்ந்து, என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் மாமாவிடம் திரும்பினேன்.

"மாமா, நீங்க ஜெயில்ல இருந்தீங்களான்னு கேக்கறாங்க."

"ஜெயிலா? நானா? ஏம்மா, இவ்ளோ நேரம் இன்னாதாம்மா சொன்ன நீ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமாவின் ஒரு வருஷப் பிழைப்பை என் வாயாலேயே கெடுத்துவிட்டேனே. அழுதுகொண்டே மேடத்திடம் ஆப்பைக் காட்டி, என் விதியையும் சொன்னேன். ('வா, வாங்க' என்று நடித்தே காட்டினேன்.) அவர் போனை வாங்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே இருந்த விளக்கத்தை எனக்குப் படித்துக் காட்டினார். நொட்டோரியஸ் வரை நன்றாகத்தான் படித்தார். இன்டீசன்ட் வந்ததும் சிரிப்பு தாங்காமல் அக்காவின் தோளில் சாய்ந்துவிட்டார். என்ன ஏது என்று தெரியாமலே அக்காவும் சேர்ந்து சிரித்தாள்.

பிறகு மேடமே எழுந்து போய், வரப்பில் கிடந்த பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு சுவைத்தார். மீன் குழம்பும் சாப்பிட்டார். அந்த சீசனிலிருந்து மாமாவின் உப்பு புதுச்சேரிக்குப் போகிறது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என் விதி ஆங்கிலத்துக்கு ஆகாது, தமிழுக்கு ஆகும் என்று மேடம் முடிவு செய்துவிட்டார். ஒவ்வொரு முறை வரும்போதும் தமிழ் பேசுகிறார். யாருக்கு எவ்வளவு மரியாதை என்கிற நெளிவுசுளிவு மட்டும் பிடிபடவில்லை. அக்காவின் கைக்குழந்தைக்கு "அழாதீங்க." காக்காவுக்கு "போங்க." அளத்தில் சுற்றும் கறுப்பு நாய்க்குப் பிஸ்கட்டை நீட்டி, "வாங்க, வாங்க, உக்காருங்க."

"இதுவும் உன் வேலதான்" என்று மாமா இன்றைக்கும் என்னை முறைக்கிறார். அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. இப்போதெல்லாம் அவர் தொண்டை கிழிய "டேய், வாடா" என்று கத்தினாலும் அந்த நாய் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மாமா அக்கம்பக்கம் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "வாங்க" என்கிறார். உடனே வந்துவிடுகிறது.